அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டும் பிள்ளைகளோடு ஒரு கோடை

காலை ஐந்தே முக்காலுக்கு முதல் கார் வந்து நிற்கும். கறுப்புத் துணியில் மஞ்சள் எழுத்துப் போட்ட உடற்பயிற்சிச் சட்டையோடு ஒரு அப்பாவோ அம்மாவோ இறங்குவார். பின் இருக்கையில் பாதித் தூக்கத்தில் கிடக்கும் பிள்ளையை எழுப்பி, எங்களிடம் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டு ஓடுவார். ஆறரைக்குப் படைப்பிரிவின் உடற்பயிற்சி தொடங்கிவிடும், அதற்குத் தாமதமாகப் போக முடியாது. 2018 கோடையில் பத்து வாரம் என் நாள் இப்படித்தான் விடிந்தது. இடம், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஃபில்செக் என்ற சின்ன ஊர். அதை ஒட்டி அமெரிக்கத் தரைப்படையின் ரோஸ் பாரக்ஸ் தளம். அங்கே படைவீரர்களின் பிள்ளைகளுக்கு நடக்கும் கோடை முகாமில் நான் கவுன்சிலர். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பது, விளையாட வைப்பது, சண்டை தீர்ப்பது, சாயங்காலம் பத்திரமாகத் திருப்பித் தருவது. இதுதான் வேலை.

நான் பதினொரு வயதில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்மா அப்பாவோடு அமெரிக்கா வந்தவள். கல்லூரி இரண்டாம் ஆண்டில், மாணவர்களைக் கோடையில் படைத்தளங்களுக்கு அனுப்பும் ஒரு திட்டத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். விமானச் சீட்டு, தங்க இடம், தினப்படி, அதோடு கல்லூரி கிரெடிட். அப்பா தயங்கினார், அம்மா தயங்கவில்லை. அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். அம்மாவின் சின்ன வயது ஊர் ஊராக ராணுவக் குடியிருப்புகளில் கழிந்தது. கோபி வீட்டுப் பரணில் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறது; மூடியில் வெள்ளைப் பெயின்ட்டால் அப்புச்சியின் பெயரும் படை எண்ணும் எழுதியிருக்கும். "போய்ட்டு வா கண்ணு. பட்டாளத்துக்காரர் புள்ளைகளுக்கு ஊருக்கு ஒரு நல்ல அக்கா கெடைச்சாப் போதும், அந்த வருசத்தை ஓட்டிருவாங்க" என்றார் அம்மா. பத்து வார வேலையில் நான் கற்றதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது.

முதலில் காகிதங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்பது அதைத்தான். கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு, தடுப்பூசிச் சான்று, முதலுதவிப் பயிற்சி எல்லாம் வேண்டும். எங்கள் திட்டத்தில் குடியுரிமையும் கேட்டார்கள். வசந்தம் முழுக்க வார இறுதிகளில் பயிற்சி இருந்தது. கோடை வேலைதானே, ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள். முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். சரிபார்ப்பு முழுதாக முடியும்வரை புதியவர் எவரும் பிள்ளைகளோடு தனியாக இருக்க முடியாது; சரிபார்ப்பு முடிந்த ஒருவரின் கண்பார்வைக்குள்ளேயே நிற்க வேண்டும். முதல் வாரம் எனக்கு இது உறுத்தியது. என்னைச் சந்தேகப்படுகிறார்களோ என்று கூடத் தோன்றியது.

பிறகு பயிற்சியாளர் அதன் பின்னணியைச் சொன்னார். 1980களில் படைத்தளக் குழந்தைகள் காப்பகங்களில் சில இடங்களில் பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு ஆளான புகார்கள் வெளிவந்தன. 1989இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அதிலிருந்துதான் ஆய்வுகளும் பயிற்சியும் கட்டாயமாயின. கதவில் கண்ணாடி, அறையில் கேமரா, ஒரு பெரியவருக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்ற கணக்கு எல்லாம் இந்த அமைப்பில் வேரூன்றிப் போன பழக்கங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் ஒருவருக்கு 15 பேர்தான், 16 கிடையாது. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக நிற்கக் கூடாது. அழும் பிள்ளையைத் தோளோடு பக்கவாட்டில் அணைக்கலாம், மடியில் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் அழுகிற பிள்ளையைத் தூக்காமல் நிற்பவளைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். எனக்கும் கை பரபரத்தது. ஆனால் அந்த விதியை இன்றைக்கு மனதார ஏற்கிறேன். நம் பள்ளிகளிலும் கோடை வகுப்புகளிலும் இதில் பாதியாவது வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு பிள்ளையின் உடம்பில் காயமோ பேச்சில் பயமோ தெரிந்தால், நாமே விசாரணை நடத்தாமல் உடனே உரியவரிடம் தெரிவிக்க வேண்டும். அதுவும் எங்கள் கடமை, சட்டப்படியே.

இரண்டாம் நாள் நண்பகலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தூரத்தில் திடும் என்று ஒரு சத்தம், சற்று விட்டு இன்னொன்று. கையிலிருந்த சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நான் எழுந்து நின்றேன். மேசையைச் சுற்றி இருந்த பிள்ளைகள் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. ஏழு வயதுப் பெண் ஒருத்தி தூரிகையைத் தண்ணீரில் அலசியபடியே, "அது கிராஃப் மிஸ். பயிற்சிதான்" என்றாள். கிராஃப் என்றால் பக்கத்தில் உள்ள கிராஃபென்வோர் பீரங்கிப் பயிற்சிக் களம். பவேரிய அரசுப் படைக்காகத் தொடங்கப்பட்டு, 1910இல் அங்கே முதல் குண்டு வெடித்தது. நூறாண்டுக்கு மேலாக அந்த வட்டாரத்துக்கு இந்தச் சத்தம் பழக்கம். அந்தப் பிள்ளைக்கு நம் வீட்டில் மிக்சி ஓடுகிற மாதிரி.

இந்தப் பிள்ளைகளுக்கு எது பயம், எது பழக்கம் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். பீரங்கிக்கு அசராத அதே பெண், மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டில் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டதற்காக இருபது நிமிடம் அழுதாள். நாற்காலி விஷயம் அற்பமில்லை. அவளுக்கு அது நான்காவது ஊர். வீடு, பள்ளி, தோழி, படுக்கையறை ஜன்னலிலிருந்து தெரியும் மரம் என்று எதுவும் அவள் கையில் இல்லை. நாற்காலி ஒன்றுதான் அவள் தேர்ந்தெடுத்தது. அடுத்த நாளே எல்லா நாற்காலிக்கும் பின்னால் பெயர் ஒட்டினேன்.

பெயர் என்றதும் நினைவு வருகிறது. என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அமெரிக்கப் பள்ளியில் அதைச் சிதைத்துக் கூப்பிட்டே பழகியிருந்தார்கள், நானும் விட்டுவிட்டிருந்தேன். இங்கே முதல் நாள் பிள்ளைகள் சரியாகச் சொல்லித் தரும்படி கேட்டார்கள். அமெரிக்கர்கள் சொல்லும் 'ர்' ஒலியே நம் ழகரத்துக்கு ரொம்பப் பக்கம்தான். நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கச் சொன்னால் வந்துவிடுகிறது. பத்தே நிமிடத்தில் பதினைந்து பேரும் கச்சிதமாகச் சொன்னார்கள். பிறகு நான் திரும்பக் கேட்டேன்: உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும்? ஒரு பையனின் அம்மா கொரியாக்காரர். அவனுக்கு வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னான். முந்தைய இரண்டு பள்ளியில் யாரும் கேட்டதில்லையாம். முதல் நாளில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேறு எந்த விளையாட்டும் இந்தப் பலனைத் தராது.

ஆனால் அதே முதல் நாள் ஒரு தவறும் செய்தேன். அறிமுகத்துக்கு எல்லாரும் கேட்பது போல, "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டேன். நமக்கு இது மூச்சு விடுகிற மாதிரியான கேள்வி. ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் பெயருக்கு முன்னால் சொந்த ஊரைத்தான் கேட்போம். அந்தப் பிள்ளைகள் விழித்தார்கள். "பிறந்ததா? இப்போ இருக்கிறதா? பாட்டி இருக்கிற ஊரா?" என்று ஒருவன் திருப்பிக் கேட்டான். இன்னொருத்தி விரல் விட்டு எண்ணினாள்: வட கரோலினா, டெக்சாஸ், கொரியா, இங்கே. படைவீரர் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிப்பதற்குள் சராசரியாக ஆறு முதல் ஒன்பது முறை பள்ளி மாறுகிறார்கள் என்று சொல்வார்கள். சொந்த ஊர் என்ற நம் சொல்லுக்கு அவர்களிடம் பொருளே இல்லை. மறுநாள் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: "இதுவரை இருந்த இடங்களில் எதில் நல்ல மழை பெய்தது? எதில் நல்ல ஐஸ்கிரீம்?" கேட்டதுதான் தாமதம், அறை முழுக்க ஒரே பேச்சு. ஊர் இல்லாத பிள்ளைகள் என்று பரிதாபப்படுவதில் பயனில்லை. அவர்களிடம் ஊர்கள் நிறைய இருக்கின்றன, நாம் கேட்கும் விதம்தான் தப்பு.

கோடைதான் இடமாற்றக் காலம். இடமாற்றத்துக்குப் படையில் சொல்லும் பிசிஎஸ் என்ற மூன்றெழுத்தை ஆறு வயசுப் பிள்ளைகூடச் சரளமாகச் சொல்லும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆணை வந்துவிட்டால், வீட்டுச் சாமான்களைப் பெட்டி கட்டுகிறவர்கள் வந்து ஒவ்வொன்றிலும் எண் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போவார்கள். அவை கப்பலில் ஏறி, புது ஊர் போய்ச் சேரும்வரை வாரக்கணக்கில் குடும்பம் இரவல் மேசை நாற்காலியோடு காலி வீட்டில் இருக்கும். சைக்கிள், கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை எல்லாம் கடலில். ஒரு பையன் சொன்னான், அவன் கட்டிலின் காலில் மூன்று ஊர் ஸ்டிக்கர் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறதாம். அப்பா உரிக்கப் போனபோது வேண்டாம் என்று தடுத்தானாம். பரணில் இருக்கும் அப்புச்சியின் பெட்டிதான் எனக்கு நினைவு வந்தது.

இதைப் பார்த்த பிறகு என் விளையாட்டுத் திட்டத்தையே மாற்றினேன். முகாமில் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் நிறைய உண்டு, ஆனால் அவை முகாமுக்குள்தான். பெட்டிக்குள் போகாத விளையாட்டு எது என்று யோசித்ததில் அஞ்சாங்கல் கிடைத்தது. ஊருக்குள் போயிருந்தபோது ஆற்றோரம் வழவழப்பான சின்னக் கற்களாகப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்தேன். முதல் நாள் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். ஒன்றை மேலே எறிந்து ஒன்றை அள்ளி, எறிந்ததைப் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டிரண்டாக, மூன்றும் ஒன்றும், நான்கும் சேர்த்து. கையைப் புரட்டி மேல்பக்கத்தில் கல்லை ஏந்தும் கட்டம் வந்ததும் எல்லாருக்கும் பிடித்துப்போனது. இரண்டு வாரத்தில் முகாமின் எல்லா மூலையிலும் கல் உருண்டது. பேன்ட் பாக்கெட்டில் அடங்கும், தனியாகவும் ஆடலாம், விமானத்தில் எடுத்துப் போகலாம், தொலைந்தால் எந்த நாட்டுத் தெருவிலும் வேறு ஐந்து கல் கிடைக்கும். நீங்கள் போனால் உங்கள் ஊர் விளையாட்டு இரண்டையாவது சொல்லிக் கொடுங்கள். பொருளே தேவைப்படாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து என் மனதில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்று. 2017 முதல் போலந்தின் வடகிழக்கில் நேட்டோவின் ஒரு படைக்குழு நிறுத்தப்பட்டிருந்தது. ஃபில்செக்கிலிருந்து வீரர்கள் முறை வைத்து அங்கே ஆறு மாத அளவுக்குப் போய் வந்தார்கள். என் குழுவில் எட்டு வயதுப் பையன் ஒருவனின் அப்பாவும் அங்கே இருந்தார். காரில் ஒரு நாள் ஓட்டினால் போய்விடும் தூரம்தான், ஆனால் வர முடியாது. அந்தப் பிள்ளைக்கு இதுதான் புரியவில்லை. ஆப்கானிஸ்தான் என்றால் தூரம், போலந்து பக்கம்தானே, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்பான்.

அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று காகித வளையச் சங்கிலி ஒன்று செய்யச் சொன்னேன். அப்பா வரும் தேதிவரை நாளுக்கு ஒரு வளையம், தினமும் காலையில் ஒன்றைக் கிழிக்க வேண்டும். பல குடும்பங்களில் செய்வதுதான். தினமும் வந்ததும் நேராகச் சங்கிலியிடம் போவான். கடைசி வளையத்தைக் கிழித்த அன்று அப்பா வரவில்லை. தேதி தள்ளிப்போயிருந்தது. படையில் தேதி தள்ளுவது சாதாரணம் என்பது எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, சொன்னது நடக்கவில்லையே என்ற பார்வை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "நான் சொன்னது தப்பாகிவிட்டது. தேதி எனக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்றேன். சரி என்பது போலத் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

முகாமில் படைக் குடும்பங்களுக்கான ஆலோசகர் ஒருவர் எங்களோடேயே இருந்தார். பிள்ளைகளோடு பந்து விளையாடிக்கொண்டே பேசுவார். அவரிடம் அன்று போய் நின்றேன். இறங்கு கணக்கு வேண்டாம், ஏறு கணக்கு போடு என்றார். அப்பா இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கண்ணாடிச் சாடியில் ஒரு மணியைப் போட வேண்டும். இன்றைக்கும் சமாளித்துவிட்டோம் என்பதற்கு ஒரு மணி. எத்தனை நாள் மிச்சம் என்பது நம் கையில் இல்லை, எத்தனை நாள் கடந்தோம் என்பது உறுதியாகத் தெரியும். சங்கிலி ஏமாற்றும், சாடி ஏமாற்றாது. மறுநாள் சாடி கொண்டுபோனேன். அவன் இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் மூன்று மணியாக எடுத்துப் போட்டான்.

அப்பா ஒருவழியாக வந்தார். முகாம் முடிய இரண்டு வாரம் இருந்தது. இனி எல்லாம் சரி என்று நான் மூச்சு விட்டேன், ஆனால் தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவரை சாதுவாக இருந்தவன் கல்லை எறிந்தான், விளையாட்டில் தோற்றால் எதிராளியைத் தள்ளினான். வீட்டில் அம்மாவும் அவனுமாக ஒரு ஒழுங்கு பழகியிருக்கும். அப்பா வந்ததும் எல்லாம் மாறும். யார் பக்கத்தில் படுப்பது, எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, யார் சொன்னால் கேட்பது என்று எல்லாமே. பிரிவைவிடத் திரும்பி வருவது சில பிள்ளைகளுக்குக் கடினம் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார். நான் செய்ததெல்லாம் முகாமின் ஒழுங்கை இம்மியும் மாற்றாமல் வைத்ததுதான். அதே நாற்காலி, அதே சிற்றுண்டி நேரம், தள்ளினால் அதே ஐந்து நிமிட ஓய்வு. "அப்பா வந்தது ஜாலிதானே?" என்று மட்டும் யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டேன்.

நியூரம்பெர்க் மிருகக்காட்சிசாலைக்குப் போன நாளைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். வெளியே அழைத்துப் போகும்போது ஒருவருக்குப் பிள்ளைகள் குறைவு. அன்று என்னிடம் 11 பேர். எல்லா முகாம் பிள்ளைகளுக்கும் ஒரே நிறச் சட்டை. கால் மணிக்கு ஒருமுறை எண்ண வேண்டும், எண்ணினேன். டால்ஃபின் இருக்கும் இடத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. வெளியே வந்ததும் தலை எண்ணினேன், 11. நிம்மதியாக நடந்தோம். நூறு அடி போயிருப்போம். பதினொன்றாவதாக நடந்து வந்த பெண் என் சட்டையை இழுத்து, "மிஸ், நான் உங்க குழு இல்லையே" என்றாள். உலகமே ஒரு நொடி நின்றது. பக்கத்துக் குழுவின் பெண் என்னிடம் வந்திருக்கிறாள் என்றால் என் பிள்ளை ஒன்று குறைகிறது.

ஓடவில்லை. ஓடினால் மிச்சப் பத்துப் பேரும் சிதறுவார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எல்லாரையும் சுவரோரம் உட்கார வைத்து, பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யார் இல்லை என்று தெரிந்ததும் மற்ற கவுன்சிலரைத் தொலைபேசியில் அழைத்தேன். என் பையன் அவளிடம் பத்திரமாக இருந்தான். அவளுக்கும் எண்ணிக்கை சரியாகவே வந்திருந்தது. நான்கு நிமிடம்தான் ஆகியிருக்கும். அன்று மாலை நடந்ததை எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன், இரு வீட்டுப் பெற்றோரிடமும் நானே சொன்னேன். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் படைவீரர் ஒருவர் தன் பிள்ளையை நம்மிடம் விட்டுவிட்டு வேறு நாட்டில் நிற்கிறார். அவரிடம் நாம் பொய் சொல்வதா? ஒருவேளை இதைப் படிப்பவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், சுற்றுலா அழைத்துப் போகிறவராக இருக்கலாம். தலை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். பெயரைச் சொல்லி முகத்தைப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் பிள்ளை தப்பாக இருக்க முடியும்.

சின்னச் சின்னதாகச் சில. காட்டுப் பாதையில் நடந்து வந்தால் உண்ணி இருக்கிறதா என்று காலுறை விளிம்பு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் பார்க்கச் சொல்ல வேண்டும். பவேரியக் காடுகளில் உண்ணிக்கடியை அலட்சியம் செய்யக் கூடாது. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் சரியாகத் தூங்காமல் வருவார்கள். அதனால் காலை முதல் ஒரு மணி நேரம் சத்தமான விளையாட்டு எதுவும் வேண்டாம். உங்கள் தொண்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் குடுவை இல்லாமல் நான் போனதே இல்லை. பிள்ளைகளின் படத்தை உங்கள் கைப்பேசியில் எடுக்கவே எடுக்காதீர்கள். அப்பா எப்போது கிளம்புகிறார், எங்கே போகிறார் என்று பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதை எங்கேயும் எழுதாதீர்கள், நண்பர்களிடம்கூடச் சொல்லாதீர்கள். நாட்டு ரகசியம் என்று பெரிதாகச் சொல்ல வேண்டாம், அந்தப் பிள்ளையின் அப்பா உயிர் அது.

மாலை ஐந்து மணிக்குத் தளம் முழுக்க ஒலிபெருக்கியில் எக்காளம் ஊதும். கொடி இறக்கும் நேரம். முதல் முறை கேட்டபோது நான் எட்டுப் பக்கச் சுவருக்குள் ஆடும் காகா பந்து ஆட்டத்தின் நடுவே இருந்தேன். இருபது பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். பந்து தானாக உருண்டு ஓரத்தில் போய் முட்டியது. சாலையில் கார்கள் நின்றன. முழங்கால் வரை சேறாக இருந்த ஆறு வயசுப் பையன் ஒருவன் கொடி இருக்கும் திசை பார்த்துத் திரும்பி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். மற்றொரு கை மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. இசை முடிந்த அடுத்த நொடி ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது, யாரும் எதுவும் பேசவில்லை.

திரும்பி வந்த பிறகு நம்மவர்கள் சிலர் கேட்டார்கள்: அமெரிக்கப் படைக்குப் போய் வேலை செய்தாயே, அந்தப் படை செய்வதெல்லாம் உனக்குச் சம்மதமா? நியாயமான கேள்விதான். படைகள் எங்கே போகின்றன, என்ன செய்கின்றன என்பதில் எனக்கும் கருத்து உண்டு, தயக்கமும் உண்டு. ஆனால் பட்டாளத்தில் சேர்ந்தது அப்பாவோ அம்மாவோ, பிள்ளை சேரவில்லை. அந்த ஆறு வயசுக்காரனிடம் யாரும் எதையும் கேட்டு முடிவு செய்யவில்லை. பெரியவர்களின் முடிவுகளுக்கு நடுவே அவனுக்கு ஒரு நல்ல மதியம் கிடைப்பதில் எந்தப் பக்கமும் இல்லை என்றே நம்புகிறேன்.

கடைசியாக, விடைபெறுவது. பத்து வாரத்தில் நாமும் போய்விடுவோம், பிள்ளைகளுக்கு அது தெரியும். நாமும் அவர்களை விட்டுப் போகும் பட்டியலில் இன்னொருவர். அதனால் "மறுபடி வருவேன்", "உன்னை மறக்கவே மாட்டேன்" என்றெல்லாம் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். போகும் தேதியை இரண்டு வாரம் முன்பே சொன்னேன். சொல்லாமல் நழுவுவதுதான் அவர்களுக்கு வலிக்கும். அதை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நான் கிளம்புவதற்கு முன்பே நாற்காலிக்காக அழுத அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு ஆணை வந்துவிட்டது, கொலராடோவுக்கு. அவள் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் அவளிடம் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொன்னார்கள். போலந்து அப்பாவின் பையன், "நாலும் சேர்த்து அள்ளுறதை அவதான் சொல்லிக் குடுத்தா" என்றான். சாயங்காலம் ஐந்து கல்லையும் பாக்கெட்டில் போட்டு, ஜிப் இழுத்து, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டாள். அம்மாவின் கார் வந்தது. ழகரம் பிசகாமல் என் பெயரைச் சொல்லிக் கையசைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு புதுக் குடும்பம் வந்தது. இரண்டு நாள் முன்புதான் கொரியாவிலிருந்து வந்திருந்தார்கள். நேர மாற்றத்தில் கண் சிவந்திருந்த ஒன்பது வயதுப் பையன், தோளில் பையோடு வாசலிலேயே நின்றான். காலியாக இருந்த நாற்காலியைத் திருப்பி, பின்னால் இருந்த பழைய பெயரை உரித்தேன். பசை போகவில்லை, ஈரத் துணியால் தேய்த்துத் துடைத்தேன். புதுத் தாளை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, அவன் உயரத்துக்குக் குனிந்து கேட்டேன், அவன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று.